கேஇ70, ஏஇ86, எம்எக்ஸ்-5: சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் எதை எடுப்பது?

மலேசியாவில், சுங்கை சிப்புட் போலத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறு பட்டணத்தில் இருந்துகொண்டு, பின்சக்கரம் ஓடும் பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் எடுக்க நினைப்பவருக்கு நடைமுறையில் மூன்று வழிகள்தான் உண்டு. டொயோட்டா கொரோலா கேஇ70 ஒன்றை வாங்கி அதில் 4ஏ-ஜிஇ என்ஜின் ஏற்றலாம். அந்த என்ஜினோடு தொழிற்சாலையிலிருந்தே வந்த ஏஇ86-ஐத் தேடிப் பிடிக்கலாம். அல்லது மாஸ்டா எம்எக்ஸ்-5 முதல் தலைமுறைக்குப் போகலாம்; ஜப்பானிலிருந்து நேராக வந்தவற்றில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயர் இருக்கும். நிசான் சில்வியாவும் மாஸ்டா ஆர்எக்ஸ்-7-உம் ஏன் இதில் இல்லை என்பது கடைசியில்.

என்ஜின் பலத்தை வைத்து இந்த மூன்றில் ஒன்றைத் தேர்வு செய்ய முடியாது. 1983 முதல் 1987 வரை வந்த ஏஇ86-இல் 1587 சிசி, ஜப்பான் கணக்கில் 130 குதிரைத்திறன். 1989இல் வந்த எம்எக்ஸ்-5 1.6-இல் 1597 சிசி, 120 குதிரைத்திறன். இரண்டுமே ஏறக்குறைய 940 கிலோ. கேஇ70 அதைவிடச் சற்று இலேசு, என்ஜினோ ஏஇ86-இன் அதே குடும்பம். ஆகவே தீர்மானிக்க வேண்டியவை வேறு: தகரம் எப்படி இருக்கிறது, கிரான் (காரின் பதிவுச் சான்றிதழ்) சுத்தமா, கெட்டால் உங்கள் ஊர் ஃபோர்மன் (மெக்கானிக்) கைவைப்பாரா.

முதலில் தகரம்

செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்குப் போடும் உரத்தில் பெரும்பங்கு பொட்டாசியம் குளோரைடு. அதுவும் ஒரு வகை உப்புதான். உர லாரியும் செம்பனைக் குலை லாரியும் போகிற பாதையில் அந்தத் தூசு செம்மண்ணோடு கலந்து காரின் அடியில் ஒட்டும். மத்தியான மழையில் ஊறும், காயும், மறுபடி ஊறும். கடற்கரை ஊரில் மட்டும்தான் கார் துருப்பிடிக்கும் என்று நினைப்பவர்கள் ஒரு தோட்டத்துக் காரைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

கார் பார்க்கப் போகும்போது சிறு காந்தம், துணி, நீளமான ஸ்க்ரூ டிரைவர், டார்ச் லைட் நான்கும் போதும். முடிந்தால் இரவு மழை பெய்த மறுநாள் காலையில் போங்கள். முன்சீட்டுக்குக் கீழே கார்ப்பெட்டைக் கையால் அழுத்தினால் ஈரம் தெரியும். கேஇ70-இலும் ஏஇ86-இலும் முன் கண்ணாடியின் கீழ்மூலைகளில் ரப்பருக்கு அடியில் துரு பிடித்து, தண்ணீர் உள்ளே இறங்கித் தரையைத் தின்றிருக்கும். கார்ப்பெட் புதிதாக இருப்பது நல்ல அறிகுறி அல்ல. ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

அடுத்து பேட்டரித் தட்டு, முன் ஷாக் அப்சார்பர் மேலே பூட்டும் கோபுரம், முன் ஃபெண்டரின் பின்கீழ் மூலை, கதவுக்கு அடியில் ஓடும் சில், பின்சக்கர வளைவு, ஸ்பேர் டயர் குழி. காந்தத்தைத் துணியில் சுற்றி ஒவ்வோர் இடத்திலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பெயின்டுக்கு அடியில் இருப்பது புட்டி. ஃபெண்டர் முழுதும் புட்டியாக இருந்தாலும் கவலை இல்லை, அது போல்ட்டில் கழன்று வரும். ஆனால் பின் ஆக்ஸிலைப் பிடிக்கும் நான்கு லிங்க் கம்பிகள் பாடியில் பூட்டும் இடங்கள் உண்டு. அங்கே ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டினால் கணீரென்று சத்தம் வர வேண்டும். மொத்தென்று வந்தாலோ, முனை உள்ளே இறங்கினாலோ விலையைக் குறைத்துப் பேச வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள்.

துருவை வெட்டி எடுத்து, 0.8 முதல் 1 மி.மீ. தகரம் வைத்து, தொடர்ச்சியாக இழுக்காமல் புள்ளி புள்ளியாக வெல்டு வைத்து, அதன்மேல் எப்பாக்சி பிரைமர், பிறகுதான் புட்டி. ஒரே இழுப்பில் வெல்டு வைத்தால் சூட்டில் தகரம் நெளியும். எல்லாம் முடிந்ததும் சில்லுக்குள்ளே மெழுகு ஸ்ப்ரே அடிக்க வேண்டும். துருவின் மேலேயே தார்ப்பூச்சு அடித்துத் தருகிற பட்டறைகள் ஏராளம். அது ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும் வேலை, ஒரு வருஷத்தில் பொத்துக்கொண்டு வெளியே வரும். அடியிலுள்ள வடிகால் ஓட்டைகளைத் தார் மூடியிருந்தால் குத்தித் திறந்துவிடுங்கள்.

கிரான்

மூன்று காருக்கும் இது பொது. சேசிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் கிரானில் உள்ளபடி இருக்கிறதா என்பதை நீங்களே படித்துப் பாருங்கள். "எல்லாம் கிளியர் பாஸ், புஸ்பாகோம் பாஸ் ஆகும்" என்பது விற்பவர் வழக்கமாகச் சொல்வது; புஸ்பாகோம் என்பது வாகனங்களைப் பரிசோதிக்கும் நிறுவனம். பணம் கொடுக்கும் முன் பெயர் மாற்றத்துக்கான பி5 பரிசோதனைக்குக் காரைக் கொண்டுபோய்விட்டால் அந்தப் பேச்சு உண்மையா என்று தெரிந்துவிடும். சேசிஸ் நம்பரைச் சுற்றி வெல்டிங் அடையாளமோ, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்டோ இருந்தால் அந்தக் கார் வேண்டாம். ஒரு காரின் நம்பரை வெட்டி இன்னொன்றில் ஒட்டிய வண்டி பறிமுதல் வரைக்கும் போகும்.

கேஇ70: மலிவான கார், நீளமான வேலை

கேஇ70-இன் பலம் எளிமை. 4கே என்ஜின் 1290 சிசி, கார்புரேட்டர், இரண்டு ஸ்பேனரில் கழற்றலாம். எந்த ஊரிலும் மூத்த ஃபோர்மன்களுக்கு இது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. பின்னால் காயில் ஸ்ப்ரிங்கும் நான்கு லிங்க் கம்பிகளும் இருப்பதால், ஏஇ86-இன் அதே அமைப்புதான் அடியில் இருக்கிறது. அதனால்தான் இத்தனை பேர் இதில் 4ஏ-ஜிஇ ஏற்றுகிறார்கள்.

ஈப்போ பக்கம் ஹாஃப்-கட் (ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் பழைய கார்) கடைகளில் என்ஜின் தேடுபவர் முதலில் 16 வால்வா 20 வால்வா என்று முடிவு செய்ய வேண்டும். 20 வால்வில் 1991இல் வந்த சில்வர் டாப் 160 குதிரைத்திறன், 1995இல் வந்த ப்ளாக் டாப் 165. நான்கு சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில், கேட்கவே இனிமையான சத்தம். ஆனால் அவை முன்சக்கரக் காருக்காகக் குறுக்கே படுக்கவைத்த என்ஜின்கள். நீளவாக்கில் திருப்பி வைத்தால் டிஸ்ட்ரிபியூட்டர் பின்னால் ஃபயர்வாலில் முட்டும், தண்ணீர்க் குழாய் வெளியேறும் இடமும் அங்கேதான். டிஸ்ட்ரிபியூட்டரை இடம் மாற்ற வேண்டும், இல்லையெனில் காயில் இக்னிஷனும் தனி ஈசியூவும் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) போட வேண்டும். டைமிங் பெல்ட் அறுந்தால் 20 வால்வில் வால்வு வளையும். முதல் காருக்கு 16 வால்வே போதும். பிறகு ஆசை தீராவிட்டால் கியர்பாக்ஸ், பிரேக், டேங்க் எல்லாம் ஏற்கெனவே தயாராக இருக்கும், என்ஜின் மட்டும் மாறும்.

ஹாஃப்-கட் வாங்கும்போது வயரிங் முழுதாக, ஈசியூ, இக்னைட்டர், காற்றளவி எல்லாம் அந்த ஒரே காரிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். வயரை வெட்டி எடுத்த என்ஜின் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். கம்ப்ரஷன் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்: நான்கிலும் 12 பார் பக்கத்தில் இருந்தால் நல்லது, ஒன்றுக்கொன்று வித்தியாசம் 1 பாருக்கு மேல் போனால் காரணம் தேட வேண்டும். வால்வு இடைவெளி குளிர்ந்த என்ஜினில் இன்டேக் 0.15–0.25, எக்ஸாஸ்ட் 0.20–0.30 மி.மீ.

உண்மையான தட்டுப்பாடு என்ஜினில் இல்லை, கியர்பாக்ஸில். ஹாஃப்-கட்டோடு வரும் முன்சக்கர கியர்பாக்ஸ் இதற்கு உதவாது. கேஇ70-இன் சொந்த கியர்பாக்ஸ் 4ஏ-ஜிஇயில் பூட்டாது. தேவை ஏஇ86-இல் வந்த டி50. அது கைக்கு வருவதற்கு முன்னால் என்ஜினை வாங்கிப் பட்டறையில் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் பலர். டி50-ஐ முதலில் பிடியுங்கள். வாங்கும்போது இரண்டாம், மூன்றாம் கியர் சிங்க்ரோவைத்தான் (கியர் உராயாமல் சேரவைக்கும் வளையம்) கேளுங்கள், அவைதான் முதலில் தேயும். ஃப்ளைவீலும் கிளட்சும் ஒரே அளவா (200 அல்லது 212 மி.மீ.), ஸ்டார்ட்டர் பல் சேருகிறதா என்பதையெல்லாம் மேசைமேல் வைத்துப் பார்த்த பிறகே காருக்குள் ஏற்றுங்கள்.

மவுண்டுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. அதே இ70 பாடியில் ஏஇ70, ஏஇ71 என்று 'ஏ' குடும்ப என்ஜினோடு வந்த கார்களும் உண்டு. அந்த மவுண்டும் குறுக்குச் சட்டமும் கிடைத்தால் பாதி வெல்டிங் மிச்சம். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை புது நீளத்துக்கு வெட்டி, பேலன்ஸ் செய்ய வேண்டும். வெட்டியதோடு விட்டால் 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் கார் நடுங்கும்.

பலர் தடுக்கி விழும் இடம் எரிபொருள். கார்புரேட்டருக்கு 0.3 பாருக்கும் குறைவான அழுத்தம் போதும், 4ஏ-ஜிஇயின் இஎஃப்ஐக்கு (மின்னணு எரிபொருள் பீய்ச்சலுக்கு) 2.5 பாருக்கு மேல் வேண்டும். கேஇ70 டேங்கில் உள்தடுப்பு கிடையாது. கால் டேங்குக்குக் கீழே இருக்கும்போது வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை இழுக்கும், என்ஜின் இருமும். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பாதையில் இது தவறாமல் நடக்கும். ஒரு லிட்டருக்குக் குறையாத சர்ஜ் டேங்க் (இடையில் வைக்கும் சிறு டேங்க்), அதை நிரப்ப ஒரு சிறு பம்ப், அதிலிருந்து இழுக்க ஒரு இஎஃப்ஐ பம்ப், திரும்பி வர ரிட்டர்ன் லைன். ஹோஸ் எல்லாம் இஎஃப்ஐ தரத்தில் இருக்கட்டும். கார்புரேட்டர் ஹோஸைக் கிளிப்பில் இறுக்கிவிட்டுப் போனால் ஒருநாள் எக்ஸாஸ்ட் மேலே பெட்ரோல் பீய்ச்சும்.

எர்த் வயரை யாரும் பொருட்படுத்துவதில்லை. என்ஜினிலிருந்து பாடிக்கு ஒன்று, பேட்டரியிலிருந்து என்ஜினுக்கு ஒன்று, இரண்டும் தடித்த வயராக வேண்டும். காரணமே தெரியாமல் ஐடிலிங் ஆடுகிறது, ஈசியூ கெட்டுவிட்டது என்று சொல்லப்படும் கார்களில் பல, பெயின்ட் மேலேயே எர்த் பூட்டிய கார்கள்தான்.

பலம் இரட்டிப்பாகும்போது பழைய பிரேக்கை அப்படியே விடக் கூடாது. ஏஇ86 முன் ஸ்ட்ரட்டும் காற்று போகும் டிஸ்க்கும், அதன் பின் ஆக்ஸிலும் கிடைத்தால் ஒரே செலவில் பிரேக், டிஃப் (பின் ஆக்ஸிலின் பற்சக்கரத் தொகுதி) இரண்டும் தீரும். கேஇ70-இன் சிறிய டிஃப், கிளட்சை உதறி ஓட்டுபவரிடம் நிலைக்காது. ஸ்டீயரிங் மட்டும் கேஇ70-இன் நிரந்தரக் குறை: ரேக் (நேரடிப் பல்சட்டம்) அல்ல, பாக்ஸ் (பற்சக்கரப் பெட்டி). ஆட்டம் இருந்தால் உடனே பாக்ஸின் மேல் ஸ்க்ரூவை முறுக்காதீர்கள். பெரும்பாலும் ஐட்லர் ஆர்ம் புஷ்தான் போயிருக்கும். ஸ்க்ரூவை அதிகம் இறுக்கினால் வளைந்து திரும்பிய பிறகு ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது.

என்ஜின் மாற்றத்தை ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறையில்) பதிந்தே ஆக வேண்டும். என்ஜின் வாங்கிய ரசீதையும் இறக்குமதிக்கான சுங்கத் தாளையும் ஹாஃப்-கட் கடையிலேயே கேட்டு வாங்குங்கள், பிறகு தேடினால் கிடைக்காது. புஸ்பாகோம் பார்த்த பிறகு கிரானில் புது நம்பர் ஏறும். தீபகற்பத்தில் தனியார் காருக்கு 1290 சிசிக்கு ரோட் டேக்ஸ் 70 ரிங்கிட், 1587 சிசிக்கு 90. இருபது வெள்ளி வித்தியாசத்துக்காகப் பதியாமல் ஓட்டி, விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ் கைவிரிப்பதைப் பார்க்க வேண்டுமா?

ஏஇ86: விலையில் பாதி பெயருக்கு

ஏஇ86 நல்ல கார். ரேக் ஸ்டீயரிங், டி50, சரியான பிரேக் எல்லாம் கூடவே வருகிறது. ஆனால் மாங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) தந்த புகழுக்குப் பிறகு விலை அந்தக் காரின் தகுதியை எப்போதோ தாண்டிவிட்டது. அந்தப் பணத்தில் கேஇ70-ஐ முழுதாகக் கட்டி முடித்து மீதியும் இருக்கும். டொயோட்டா 2021இல் இதற்குச் சில பாகங்களை மறுபடி தயாரிக்கத் தொடங்கியது, அது ஆறுதல். ஆனால் டேஷ்போர்டு, பின்விளக்கு, கதவு ரப்பர் மாதிரி சாமான்களுக்கு ஜப்பானையே நம்பியிருக்க வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

ஏமாற்று வேலை ஒன்று பரவலாக உண்டு. ஏஇ85 என்பது அதே பாடியில் 1452 சிசி 3ஏ என்ஜினோடு வந்த சாதாரணக் கார். அதில் 4ஏ-ஜிஇ ஏற்றி ஏஇ86 விலைக்கு விற்பார்கள். பானெட்டுக்குள் இருக்கும் தகட்டையும் ஃபயர்வாலில் பொறித்ததையும் கிரானையும் மூன்றையும் ஒப்பிடுங்கள். ஏஇ85 என்று தெரிந்தே, ஏஇ85 விலைக்கு வாங்கினால் அதில் தவறே இல்லை, உண்மையில் கெட்டிக்கார வியாபாரம்.

எம்எக்ஸ்-5: முதல் நாளே ஓட்டலாம்

ஓட்டும் சுகத்தில் மூன்றில் இதுவே முதலிடம். நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன், ரேக் ஸ்டீயரிங், கைக்கு அடக்கமான கியர். மாற்றி அமைக்காமலே ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு என்பதால் வீட்டில் இன்னொரு கார் இருந்தாக வேண்டும். மத்தியான வெயிலில் கூரையைத் திறந்து ஓட்டுவது விளம்பரப் படத்தில்தான் நடக்கும், நம் ஊரில் காலை எட்டுக்கு முன், மாலை ஆறுக்குப் பின்.

இதன் துரு வேறு இடத்தில். துணிக்கூரையிலிருந்து வழியும் தண்ணீர் சீட்டுக்குப் பின்னால் இரு பக்கமும் உள்ள வடிகால் வழியாகச் சில்லுக்குள் இறங்கி, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் வெளியேற வேண்டும். இலையும் தூசும் அடைத்தால் சில் உள்ளிருந்து அழுகும். ஒரு போத்தல் தண்ணீரை மெதுவாக அங்கே ஊற்றிவிட்டு அடியில் பாருங்கள். ஒழுகினால் சரி. ஒழுகவில்லை என்றால் தண்ணீர் எங்கே தங்குகிறது என்று உங்களுக்கே தெரியும். அடைப்பை மென்மையான பிளாஸ்டிக் குழாயால் எடுங்கள், கம்பியால் குத்தினால் உள்ளே இருக்கும் ரப்பர் கிழியும்.

1991 நடுப்பகுதி வரை வந்த 1.6 என்ஜின்களில் கிராங்க் மூக்கு குட்டையானது. முன் புல்லியில் நான்கு பிளவு இருந்தால் குட்டை, எட்டு இருந்தால் நீளம். குட்டை மூக்கில் போல்ட் சரியாக இறுகாமல் போனால் சாவிப்பள்ளம் தேய்ந்து, டைமிங் தள்ளிப்போய், பலம் குறைந்துகொண்டே வரும். ஐடிலிங்கில் புல்லியை நேராகப் பாருங்கள். ஆடினால் கிராங்க் செலவுக்குத் தயாராகுங்கள், அல்லது வேறு காரைப் பாருங்கள்.

ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் டேங்கு கறுப்பாக இருக்க வேண்டும். பழுப்பும் பச்சையுமாக நிறம் மாறியிருந்தால் வெடிக்கும் நாள் நெருங்கிவிட்டது, தண்ணீர் ஒழுகும் வரை காத்திருக்க வேண்டாம். காலையில் கிளட்ச் பெடல் தரை வரை இறங்கி முதல் கியர் உராய்ந்தால் கிளட்சின் கீழ் சிலிண்டர் ஒழுகுகிறது. மேல், கீழ் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்தது சீக்கிரமே போகும். பேட்டரி காரின் பின்பக்கச் சாமான் பெட்டிக்குள் இருப்பதால் சாதாரண அமில பேட்டரி வைத்தவர்களின் காரில் அந்தப் பெட்டியின் தரை அரித்திருக்கும். மூடிய ஏஜிஎம் பேட்டரியும் வெளியே போகும் காற்றுக் குழாயும் கட்டாயம்.

வாங்கிய உடனே: டைமிங் பெல்ட், டென்ஷனர், ஐட்லர், தண்ணீர் பம்ப், இரண்டு கேம் சீல், ஒரு கிராங்க் சீல், கேம் ஆங்கிள் சென்சாரின் ஓ-ரிங், எல்லாம் ஒரே தடவையில். கியர்பாக்ஸுக்கு 2 லிட்டர் 75டபிள்யூ-90, ஜிஎல்-4 தரம். ஜிஎல்-5 சில சிங்க்ரோ உலோகத்துக்கு ஒத்துக்கொள்ளாது. 1.6 டிஃபுக்கு 0.65 லிட்டர். இக்னிஷன் டைமிங்கை 10 டிகிரியிலிருந்து 14க்கு ஏற்றினால் கீழ்வேகத்தில் கார் சுறுசுறுப்பாகும், செலவே இல்லாத மேம்பாடு இது ஒன்றுதான். ஆனால் அப்போது ரோன் (ஆக்டேன் அளவு) 97 பெட்ரோல் ஊற்ற வேண்டும். 10இல் விட்டால் ரோன் 95 போதும். பெரிய பிரேக் வேண்டுமென்றால் 1.8 லிட்டர் எம்எக்ஸ்-5-இன் 255 மி.மீ. முன் டிஸ்க்கும் அதன் பிராக்கெட்டும் 1.6-இல் அப்படியே பூட்டும்.

1.8 எடுப்பவருக்குக் கவனம்: 1839 சிசி என்பதால் ரோட் டேக்ஸ் 299 ரிங்கிட் 50 காசு. டிஃப் வலுவானது, என்ஜின் இழுப்பும் கூட. ஆனால் கார் சற்றுக் கனம். தோட்டத்து ரோட்டுக்கு 1.6 போதும் என்பதே எங்கள் கருத்து.

ஆசைப்பட்டியல்

சில்வியாவின் எஸ்ஆர்20 டர்போ அருமையான என்ஜின், ரோட் டேக்ஸ் 379 ரிங்கிட், அதுவும் பெரிய தொகை அல்ல. சிக்கல் என்னவென்றால், டிரிஃப்ட் ஓட்டி முட்டாத சில்வியா இப்போது கிடைப்பது அரிது. ஆர்எக்ஸ்-7-இன் ரோட்டரி என்ஜினில், சுழலும் பாகத்தின் முனையை அடைக்கும் அபெக்ஸ் சீல் போனால் பக்கத்து ஊரிலும் கைவைக்க ஆள் இல்லை.

யாருக்கு எது

தினமும் வேலைக்குப் போகவும் இதுவே கார் என்றால், அல்லது பிள்ளைகளை ஏற்ற வேண்டுமென்றால் கேஇ70. அதுவும் முதல் ஆறு மாதம் 4கே என்ஜினோடே ஓட்டுங்கள். அதற்குள் தகரத்தையும் பிரேக்கையும் முடித்துவிட்டு, டி50 கிடைத்த பிறகு என்ஜின். வீட்டில் வேறு கார் உண்டு, கூரை போட்ட நிறுத்துமிடமும் உண்டு என்றால் எம்எக்ஸ்-5, யோசிக்கவே வேண்டாம். வெயிலிலும் மழையிலும் வெளியே நிற்கப்போகிறதென்றால் அதே காரை வாங்கவே வாங்காதீர்கள், துணிக்கூரை சில வருஷத்தில் வெடித்துவிடும். ஏஇ86 பணம் மிச்சம் உள்ளவருக்கு.

எதை எடுத்தாலும் கைப்பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்கிவிட்டே விலை பேசுங்கள். இந்த வயதுக் காருக்கு வங்கிக் கடன் கிடைப்பது கடினம், முழுக் காப்புறுதியும் எளிதில் தரமாட்டார்கள். ஒப்புக்கொண்ட மதிப்புக்குக் காப்புறுதி தருபவர் இருந்தால் படமும் ரசீதும் கேட்பார்கள், ஆகவே ஒவ்வொரு ரசீதையும் வையுங்கள்.

ஸ்ப்ரிங் விஷயத்தில் பட்டறைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். குலை லாரி உடைத்த தார் ரோட்டில் 8 கிலோ (ஒரு மி.மீ. அமுங்க 8 கிலோ) ஸ்ப்ரிங் காயில் ஓவர் போட்டால் டயர் தரையில் நிற்பதைவிடத் துள்ளுவதே அதிகம். முன்னால் 4 அல்லது 5 கிலோ, பின்னால் அதைவிடச் சற்று மென்மை, 30 மி.மீ.க்கு மேல் தாழ்த்த வேண்டாம். புஷ் அசல் ரப்பரே நல்லது, பாலியூரித்தேன் செம்மண் தூசில் கத்தத் தொடங்கும்.

ஏசியும் பாருங்கள். 1990களின் தொடக்கத்துக்கு முந்திய கார்களில் பழைய ஆர்12 வாயு. ஆர்134ஏ-க்கு மாற்றும்போது டிரையர், ஓ-ரிங்குகள், கம்ப்ரஸர் எண்ணெய் மூன்றும் மாற வேண்டும், பழைய எடையில் 80, 90 விழுக்காடு வாயு போதும். அதே எடை ஏற்றினால் அழுத்தம் கூடி, குளிர் குறையும்.

கடைசியாக எலி. செம்பனைக்குப் பக்கத்தில் வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும் காரின் வயரைத் தின்றுவிடும், இஎஃப்ஐ காரில் அது பெரிய செலவு. வாரத்துக்கு ஒருமுறை என்ஜின் நன்றாகச் சூடாகும்வரை, அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். நிறுத்திவைத்து ஐடிலிங் விட்டால் எக்ஸாஸ்டுக்குள் தண்ணீர்தான் சேரும். அதற்கும் நேரமில்லாத மாதங்களில் பானெட்டைத் திறந்தே வையுங்கள், வெளிச்சம் படும் இடத்தில் எலி கூடு கட்டுவது குறைவு. பேட்டரியின் நெகட்டிவ் வயரையும் கழற்றிவிடுங்கள்.